மலையில் எடுத்த ரத்தம்

1952ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய சிறு கட்டுரை ஒன்று வந்தது. நீலகிரியில் இருளர், குறும்பர் முதலான மக்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மரபணு அவர்களிடம் இருப்பதைக் கண்டோம் என்று அது சொன்னது. அதுவரை அந்த நோயை ஆப்பிரிக்க வழியினரின் நோய் என்றே மருத்துவ உலகம் பெரும்பாலும் எண்ணியிருந்தது. அது இந்தியாவிலும் உண்டு என்று எழுத்தில் பதிவானது தமிழ்நாட்டு மலையொன்றில் எடுத்த ரத்தத்தால். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களிடமும் அதைக் கண்டறிந்தார்கள்.

லேமன் ஜெர்மனியில் பிறந்து, நாஜிகள் காலத்தில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த உயிர்வேதியியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவப் பிரிவில் இந்தியாவில் இருந்தவர். ஹீமோகுளோபின் ஆய்வில் பின்னாளில் பெரும்பெயர் பெற்றார். நீலகிரிக்கு அவரை இழுத்த கேள்வி, மனிதக் கூட்டங்கள் எங்கே தொடங்கி எங்கே நகர்ந்தன என்பது. ரத்தத்தில் இருக்கும் ஓர் அடையாளத்தை வைத்து இருளரையும் அரேபியரையும் கிழக்கு ஆப்பிரிக்கரையும் ஒரே கோட்டில் கோக்க முடியுமா என்று பார்த்தார். அறிவுக்கு ஏற்ற கேள்விதான். ஆனால் அதற்கான விடை லண்டனுக்குப் போயிற்று. ரத்தம் கொடுத்த மலைக்கிராமத்தில் மூட்டுவலியால் துடித்துக்கொண்டிருந்த பிள்ளை துடித்துக்கொண்டே இருந்தது. அந்த வலிக்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு ஒரு மருத்துவம் உண்டு என்ற செய்தி அதே மலைக்குத் திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆயின. என்னை உறுத்துவது இந்த இடைவெளிதான்.

இதை அனுமந்தன்பட்டியிலிருந்து எழுதுகிறேன். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் நெல் விளைகிற, பன்னீர் திராட்சைப் பந்தல்கள் நிற்கிற ஊர். விடிவதற்கு முன்னே ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போகிறவர்களின் ஊரும்கூட. இங்கே டீக்கடையில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுவார்கள், மாரடைப்பைப் பற்றிப் பேசுவார்கள். அரிவாள் செல் சோகை என்றால் எதிரில் இருப்பவர் முழிப்பார். அப்படியிருக்க, நமக்கென்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது மலேரியாவின் வழியாக.

1887 முதல் 1895 வரை பெரியாறு அணையைக் கட்டியபோது மலேரியாவும் காலராவும் கூலியாட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. இந்தப் பள்ளத்தாக்கில், அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். காய்ச்சலில் செத்துப்போன ஆட்களின் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் அந்தச் சாவுகளைத் தாண்டி வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் அந்தக் காய்ச்சல் ஆண்டாண்டு காலமாகக் குடியிருந்தது. மலேரியா தங்கிய மண்ணில்தான் அரிவாள் செல் மரபணுவும் தங்கியது. 1954ல் ஆந்தனி அல்லிசன் ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார்: தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்ற பிள்ளையைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்குத்தான் நோய். ஆயிரம் பிள்ளைகளைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றிய மரபணு, சில பிள்ளைகளிடம் அதற்கான விலையைக் கேட்டது. மலையில் வாழ்ந்ததற்காக, மலைக்காய்ச்சலோடு மல்லுக்கட்டிப் பிழைத்ததற்காக அந்தப் பிள்ளைகள் இன்றும் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நோய் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். அதன் பீட்டாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்கவேண்டும். இவர்களுக்கு வாலின் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். பிராணவாயு குறைந்ததும் அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல் நீளுகின்றன. வட்டமாக, வளைந்து நெளியக்கூடியதாக இருந்த அணு, கதிர் அறுக்கிற கருக்கரிவாளைப் போல வளைந்து விறைத்துவிடுகிறது. நுண்ணிய நாளங்களில் அது சிக்குகிற இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, எலும்புக்குள்ளிருந்து வலி கிளம்புகிறது. அனுபவித்தவர்கள் பிரசவ வலியோடு ஒப்பிடுகிற வலி அது. 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு பத்திருபது நாளில் உடைவதால் சோகை தீர்வதில்லை. மண்ணீரல் கெட்டு, சாதாரணத் தொற்றுக்கூட உயிரைப் பறிக்கிறது. பிள்ளை வயதிலேயே பக்கவாதம் வருவதும் உண்டு. ஒரு நோயின் காரணம் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று உலகம் முதன்முதலில் அறிந்ததே இந்த நோயில்தான். 1949ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும் அதை நிறுவினார்கள். நவீன மருத்துவத்தின் பாதி அறிவு இந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து கற்றது என்று சொன்னாலும் மிகையில்லை.

பெற்றோர் இருவரும் மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. சிறிய கூட்டத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும்போது இரு சுமப்பவர்கள் சேர்வது கூடுகிறது. இதில் மலைக்காரர்களை மட்டும் சுட்டிக்காட்ட நமக்கு உரிமையில்லை. தாய்மாமனுக்கு முறைப்பெண்ணைக் கட்டிக்கொடுக்காவிட்டால் சண்டைக்கு வரும் சமவெளி நம்முடையது.

சில ஆண்டுகளுக்கு முன்பு மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமுக்கு, தெரிந்தவர்களோடு துணைக்குப் போயிருந்தேன். பளியர் குடும்பங்கள் வசிக்கும் இடம். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் மறுப்புச் சொல்லாமல் கையை நீட்டினார். ரத்தம் எடுத்து முடித்ததும் செவிலியரைப் பார்த்து, “எடுத்துட்டுப் போறீக. உள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்ல யாராச்சும் திரும்பி வருவாகளா?” என்று கேட்டார். “வருவோம் ஆத்தா” என்றார் செவிலியர். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த பழக்கம் என்னைத் தாக்கியது. அந்த அம்மா முன்பே பலமுறை கை நீட்டியவர். எடை பார்க்க வந்தவர்கள், படம் பிடிக்க வந்தவர்கள், பாட்டுப் பதிவுசெய்ய வந்தவர்கள், சாதிச் சான்றிதழுக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டு போனவர்கள். மருத்துவ ஆய்வில் தன்னார்வமாகச் சேர்வதைப் பற்றி எத்தனையோ ஒழுக்க நூல்கள் இருக்கின்றன. அவற்றின் சாரம் முழுவதும் அந்த அம்மாவின் கேள்வியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த நோயின் மருத்துவ வரலாறு கை நீட்டியவர்களின் வரலாறுதான். முதல் கை வால்டர் கிளெமென்ட் நோயெல் என்ற இளைஞருடையது. கரீபியக் கடலின் கிரெனடாத் தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க சிகாகோ போனவர். 1904ஆம் ஆண்டுக் கடைசியில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் எர்னெஸ்ட் அயர்ன்ஸ் அவருடைய ரத்தத்தில் வளைந்த அணுக்களைக் கண்டார். மேலதிகாரியான ஜேம்ஸ் ஹெரிக் 1910ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கட்டுரையில் நோயெலின் பெயர் இல்லை. அவர் படிப்பை முடித்து ஊர் திரும்பி, பல் மருத்துவராக வேலை பார்த்து, 1916ல் முப்பத்திரண்டு வயதில் நிமோனியாவில் இறந்துபோனார். ஹெரிக்கின் பெயர் பாடப்புத்தகத்தில் நிலைத்தது. நோயெலின் பெயரை உலகம் தேடி எடுத்தது வெகுகாலம் கழித்து.

1986ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி நின்று பேசவேண்டும். அரிவாள் செல் நோயுள்ள கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளுமாக 215 பேரை அமெரிக்காவில் சேர்த்தார்கள். மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை உள்ளவர்கள். ஒரு பாதிக்கு நாளைக்கு இருவேளை பென்சிலின், மறுபாதிக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெற்று மருந்து. எது யாருக்கு என்று பெற்றவர்களுக்குத் தெரியாது. மருந்து கொடுத்த பிள்ளைகளில் தொற்று 84 சதவீதம் குறைந்தது. அவர்களில் ஒருவரும் அந்தத் தொற்றில் சாகவில்லை. வெற்று மருந்து பெற்ற பிள்ளைகளில் மூன்று பேர் இறந்தார்கள். வேறுபாடு இவ்வளவு துலக்கமாகத் தெரிந்ததும் குறித்த காலத்துக்கு எட்டு மாதம் முன்பே ஆய்வை நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பென்சிலின் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் இந்த நோய்க்கான பரிசோதனை வேண்டும், நோயிருந்தால் பென்சிலினைத் தொடங்கவேண்டும் என்று அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பரிந்துரைத்தார்கள். அதன்பின் உலகெங்கும் எத்தனை குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்பதை எண்ணிச் சொல்ல முடியாது. அந்த மூன்று பிள்ளைகளின் பெற்றோரை நான் அடிக்கடி நினைக்கிறேன். வேளை தவறாமல் ஊட்டியிருப்பார்கள். ஊட்டியது வெற்று மருந்து என்று பிறகு அறிந்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? ஆய்வாளர்கள் தவறு செய்யவில்லை. எது வேலை செய்யும் என்று உண்மையிலேயே தெரியாத நிலையில்தான் இப்படிப் பிரிப்பார்கள். அது புரிந்த பிறகும் மனம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பென்சிலின் என்ற எளிய விடையைக் கடன்பட்டுத்தான் பெற்றிருக்கிறோம் என்பதை மறக்காமலிருந்தால் போதும்.

ஜமைக்காவில் கிரஹாம் செர்ஜன்ட் நடத்திய ஆய்வு வேறு மாதிரி. 1973 நடுவிலிருந்து 1981 இறுதி வரை கிங்ஸ்டன் நகர மருத்துவமனையில் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளைப் பரிசோதித்து, நோயோடு பிறந்தவர்களைப் பத்தாண்டுகள் கடந்தும் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 250 பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த 250 குடும்பங்களுக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகத் தன் பிள்ளையின் கையை நீட்டியவர்கள். இந்த ஆய்வில் கிடைத்த பாடங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று: குழந்தையின் மண்ணீரல் திடீரென்று வீங்கி ரத்தத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்வது சாவுக்கு ஒரு பெரிய காரணம் என்று தெரிந்ததும், வயிற்றைத் தொட்டுப்பார்த்து அந்த வீக்கத்தைக் கண்டுபிடிக்கத் தாய்மார்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. அங்கே ஆய்வு கொண்டுபோனதை அம்மாக்களின் கையிலேயே திருப்பிக் கொடுத்தது. செர்ஜன்ட் பின்னர் ஒடிசாவின் சம்பல்பூர்ப் பக்கமும் வந்து, அங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். இந்திய நோயாளிகள் பலருக்குக் கருவிலிருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் பிறந்த பிறகும் அதிகமாகத் தங்குவதால், நோயின் கடுமை சற்றுக் குறைகிறது என்பது அந்த ஆய்வுகளில் துலங்கியது.

அந்தக் கரு ஹீமோகுளோபினை மருந்தால் கூட்ட முடியுமா என்பதுதான் ஹைட்ராக்சியூரியாவின் கதை. 1995ல் வெளியான ஆய்வில் 299 பேர் பங்கேற்றார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வெற்று மருந்து. வலி வருவது மருந்து எடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்டப் பாதியளவு குறைந்தது. இன்று நீலகிரியிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஒரு நோயாளி சாப்பிடும் அந்த மாத்திரைக்குப் பின்னால் அந்த 299 பேர் இருக்கிறார்கள். வோக்சிலோட்டர் என்ற இன்னொரு மருந்து 2019ல் அனுமதி பெற்றது. தொடர் ஆய்வுகளில் சாவுகளும் வலி நெருக்கடிகளும் கவலை தரும் அளவுக்குத் தெரிந்ததால் 2024 செப்டம்பரில் தயாரித்த நிறுவனமே உலகெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது. மருந்து உதவாது என்று தெரிவதும் தன்னார்வலர்கள் கொடுத்த கொடைதான். அதற்கு யாரும் மாலை போடுவதில்லை.

கை நீட்டுவது நமக்குப் பழக்கமில்லாத ஒன்று என்றும் சொல்ல முடியாது. 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் ஏழை எளியவர்கள் 193 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் மருத்துவம், மீதிப் பேருக்கு அவரவர் குடிசையில். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடவில்லை என்று தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவம் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு இறங்கியது அந்த 193 பேரால். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இந்தச் செய்தி இருக்கவேண்டும்.

ஆனால் கை நீட்டியவர்களை ஏமாற்றிய வரலாறும் பக்கத்திலேயே இருக்கிறது. அலபாமாவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். அது அம்பலமான அதே காலத்தில்தான் அரிவாள் செல் பரிசோதனைகளும் அமெரிக்காவில் பரவின. நோய் வேறு, மரபணுவைச் சுமப்பது வேறு என்று விளங்காத சட்டங்களால், சுமப்பவர்களுக்கு வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. விமானப்படைப் பயிற்சிக் கழகத்தின் கதவு 1981 வரை அவர்களுக்கு மூடியிருந்தது. அரிசோனாவின் ஹவாசுபாய்ப் பழங்குடிகளிடம் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று எடுத்த ரத்தத்தைக் கேட்காமலே வேறு ஆய்வுகளுக்குப் பயன்படுத்தினார்கள். வழக்காடி, 2010ல் இழப்பீடும் எடுத்த ரத்த மாதிரிகளும் திரும்பப் பெற்றார்கள் அவர்கள். நம் நாட்டில் 2009ல் அப்போதைய ஆந்திராவின் பத்ராசலம் பகுதியில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தபோது, விடுதிக் காப்பாளர்களே பல சம்மதப் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010ல் அது நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு 2013ல் கடுமையான அறிக்கை கொடுத்தது. தாய் தகப்பன் இருக்கும்போது வார்டன் எப்படிக் கையெழுத்துப் போடலாம் என்று கேட்க அங்கே படித்தவர் யாரும் இல்லாமல் போனது கொடுமை.

எங்கள் பக்கத்திலும் விஞ்ஞானம் வந்து கதவைத் தட்டியிருக்கிறது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு எடுத்த மாதிரிகளில் எம்130 என்ற மரபுக்குறி தெரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக முதலில் வந்தவர்களின் தடம் என்று அதைச் சொன்னார்கள். ஊரே பெருமைப்பட்டது, உலகத் தொலைக்காட்சிகள் வந்தன. முடிவு ஊருக்கே திரும்பிவந்ததால் அந்தப் பெருமை பிறந்தது. பொட்டிப்புரத்தில் நடந்தது நேர் எதிர். போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டப் போகிறோம் என்றபோது சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த எதிர்ப்பில் சொன்ன அச்சங்கள் எல்லாமே அறிவியல்படி சரியானவை என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் முதலில் எங்களிடம் கேட்டீர்களா என்ற அவர்களுடைய அடிப்படைக் கேள்வி சரியானது. அறிவியலாளர்கள் மக்களின் அறியாமையைக் குறை சொல்வதற்கு முன்னால் மந்தையில் உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும்.

உட்கார்ந்து பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு கூடலூர் சாட்சி. எங்கள் பள்ளத்தாக்கின் கூடலூர் அல்ல, நீலகிரிக் கூடலூர். 1990ல் அங்கே ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களிலிருந்து வந்த பெண்களே அங்கே செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றார்கள். அரிவாள் செல் நோயாளிகளைக் கண்டுபிடித்து, பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுத்துப் பின்தொடர்ந்தது அந்த மருத்துவமனை. கோத்தகிரியில் 1958ல் டாக்டர் எஸ். நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் இந்த நோய்க்கான வேலையைச் செய்துவருகிறது. ரத்தம் எடுக்கிற கையும் கொடுக்கிற கையும் ஒரே ஊரைச் சேர்ந்தவை என்றால், திரும்பி வருவார்களா என்று ஒரு பாட்டி கேட்கவேண்டிய தேவையே எழாது. எடுத்தவள் பக்கத்துக் குடியில்தானே இருக்கிறாள்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 17 மாநிலங்களில், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு. 2025 நடுவில் பரிசோதனை 6 கோடியைத் தாண்டிவிட்டது. பெரிய காரியம், மனதார வரவேற்கிறேன். பயமும் இருக்கிறது. பரிசோதனைக்குப் பின் ஒவ்வொருவருக்கும் அவருடைய நிலையைச் சொல்லும் அட்டை கொடுக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன் இரு வீட்டாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று. சுமப்பவர் நோயாளி அல்லர் என்பதைப் பத்து முறை விளக்காமல் அந்த அட்டையைக் கையில் கொடுத்தால், பாதிக்கப்படப் போவது பெண்பிள்ளைகள்தான். மாப்பிள்ளை வீட்டார் பையனின் அட்டையைக் காட்டாமல் பெண்ணின் அட்டையை மட்டும் கேட்பார்கள். நம் ஊர்களில் கல்யாணப் பேச்சு எப்படி நடக்கும் என்று தெரிந்த எவரும் இதை மறுக்கமாட்டார்.

மரபணுவையே திருத்தும் மருத்துவமும் வந்துவிட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே என்ற பெண், நான்கு பிள்ளைகளின் தாய், 2019ல் கிறிஸ்பர் முறைக்குத் தன் உடலைக் கொடுத்த முதல் அரிவாள் செல் நோயாளி. எலும்பு மஜ்ஜையின் மூல அணுக்களை வெளியே எடுத்து, திருத்தி, கடும் கீமோதெரப்பிக்குப் பின் திருப்பிச் செலுத்தினார்கள். அதே முறையில் மருத்துவம் பெற்று ஓராண்டுக்கு மேல் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கடும் வலி வரவில்லை. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்தன. விலை 22 லட்சம் டாலர், அப்போதைய கணக்கில் 18 கோடி ரூபாய். இந்தியாவிலேயே குறைந்த செலவில் இதைச் செய்ய டில்லியின் மரபணு ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி. ஒரு முறையை உருவாக்கி, 2025 நவம்பரில் பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரால் பிர்சா 101 என்று அறிவித்தது. அது உண்மையான மருந்தாக வேண்டுமென்றால் இங்கிருக்கும் நோயாளிகள் யாராவது முதலில் கை நீட்டவேண்டும். அவர்களில் பெரும்பாலோர் பழங்குடிகளாக இருப்பார்கள். அதனால்தான் இப்போது பேசவேண்டியிருக்கிறது.

சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி, பரிசோதனையால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் கொடுத்தாகவேண்டும். தனக்குப் புரிகிற மொழியில் விளக்கம் கேட்க உரிமை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடன் இருக்கவேண்டும். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகியதற்காக வழக்கமான மருத்துவத்தை நிறுத்தக்கூடாது. எல்லா மருந்துப் பரிசோதனைகளையும் இந்தியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவுசெய்யவேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி யாரும் சரிபார்க்கலாம். அந்தச் சாட்சியாக உட்காரவும் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்துச் சொல்லவும், ஒரு மலைக்குடியிருப்புக்குப் பக்கத்திலிருக்கும் ஆசிரியர், வனக் காவலர், கடைக்காரர், கல்லூரிப் பிள்ளை என்று யாராவது ஒருவர் முன்வரவேண்டும். நோயில்லாதவர்கள் செய்யக்கூடிய தன்னார்வம் இதுதான், முதலில் வேண்டியதும் இதுதான்.

இன்னொன்றையும் செய்யலாம். இந்த நோயாளிகளுக்கு நெருக்கடி நேரத்தில் ரத்தம் ஏற்றவேண்டியிருக்கும். மலையில் வாழும் சிறு கூட்டத்துக்குள்ளேயே கொடையாளி தேடுவது எளிதல்ல. கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ரத்த வங்கி நம் ஊரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறது. 18 வயது முடிந்து, 45 கிலோ எடையும் உடல்நலமும் உள்ள ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் அங்கே ரத்தம் கொடுக்கலாம். ஆய்வுக்கென்று உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ ஒரு நாள் ரத்தம் கேட்டு வருவார்கள். எதற்கு எடுக்கிறீர்கள், வேறு எதற்காவது வைத்துக்கொள்வீர்களா, முடிவை எப்போது வந்து சொல்வீர்கள், சொல்ல வருகிறவர் பெயரென்ன என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொண்டு கையை நீட்டுங்கள்.